ஆருக்கும் தோன்றக்கூடிய கறுப்புக் குழாய்

சுன்னாகம்,
18.10.2024

அன்புள்ள மருமகள் நிஷானிக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் உம்முடைய ஆரணி மாமியும் சுகமாக இருக்கிறோம். என்னுடைய இடது முழங்கால் மட்டும் இந்த வாக்கியத்தில் சேர மறுக்கிறது. நீரும் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கந்தோரின் குளிர்காற்றில் தடிமன் பிடிக்காமல், கேட்டதைவிடக் கூடுதலாக வேலை செய்து மற்றவர்களின் பகையைத் தேடிக்கொள்ளாமல் இருக்க எங்கள் இருவரின் மன்றாட்டும் உண்டு.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குத் தபால்காரர் படலையில் மணியடித்தார். கடித உறையைப் பிரித்து அங்கேயே நின்று வாசித்தேன். பிறகு உள்ளே போய்க் கதிரையில் இருந்து ஒருமுறை வாசித்தேன். பிறகு மாமியைக் கொண்டு உரத்து வாசிப்பித்தேன். என்னுடைய வெங்காயக் கொட்டிலுக்கு ஆக்கவுரிமை கிடைத்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில், முத்திரை குத்திய ஒரு தாளில், இதைக் கண்டுபிடித்தவர் லெனாட் செல்வத்துரை என்று ஒரு கந்தோர் எழுதியிருக்கிறது. இருபத்தொன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடம் எனக்கு அப்படி ஒன்றும் எழுதித் தரவில்லை. ஆலயச் சபையும் எழுதித் தரவில்லை. இதெல்லாம் என் அக்காவின் மகளாகிய, சட்டம் படித்த உம்மால் நடந்தது. நன்றியை ரெலிபோனில் சொன்னால் சொல்லவே இல்லை என்று பிறகு ஒருவர் சாதிக்கலாம்; எழுத்தில் இருந்தால் மறுக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நன்றி சொல்லிப் பழக்கம் இல்லாதவன் நான். கடைசியாக மனம்விட்டுச் சொன்னது 1993இல், சைக்கிள் ரியூப் ஒன்று தந்து உதவிய ஒருவருக்கு. அந்த ரியூப்பில் மூன்று ஒட்டு இருந்தது மறுநாள்தான் தெரிந்தது.

நீர் எல்லாம் அறிந்தவர்தான், ஆனாலும் நன்றி என்றால் எதற்கு என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். அப்பா விட்ட காணியில், பள்ளிக்கூடம் போய் வந்த நேரம் போக, நான் வெங்காயம் வைக்கிறேன். அடுத்த நடுகைக்கான வெங்காயத்தை மாரி முடியும்வரை கொட்டிலில் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருப்பதற்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு முறைதான் இருந்தது: மழை தொடங்குமுன் கொட்டிலைச் சுற்றிக் கிடுகும் சாக்கும் தறப்பாளும் கட்டி, ஒரு துவாரம் இல்லாமல் அடைத்துவிட்டு, தை பிறக்கும்போது திறந்து, அழுகினதை அள்ளிக் கொட்டிவிட்டு, 'இந்த முறை மழை கூட' என்று சொல்வது. 2018 மாரியில் நான் மூன்றில் இரண்டு பங்கை அள்ளிக் கொட்டினேன். அடுத்த சித்திரையில் மாமியின் தகப்பன் வீட்டுக்கு, வடமராட்சிக் கரைக்குப் போயிருந்தோம். அந்தக் கரையிலுள்ள வீடுகளுக்கு 2011இல் ஒரு தொண்டு நிறுவனம் மீன் காய வைக்கும் பெட்டிகள் கொடுத்திருந்தது. ஆளுயரப் பெட்டி, அடியில் காற்று நுழைய வழி, மேலே கறுப்படித்த தகரக் குழாய். வெயிலில் குழாய் சூடேற, உள்ளே இருக்கும் காற்று மேலே இழுபட்டுப் போகும், கீழிருந்து புதுக் காற்று வரும். மணலும் வெயிலும் சும்மா கிடக்கிற இடத்தில் மீன் காய்வதற்குப் பெட்டி எதற்கு என்று ஒருவரும் அதில் மீன் வைக்கவில்லை. என் மாமனார் ஆழ்வாப்பிள்ளை கோழி அடைத்திருந்தார். ஊரெல்லாம் நாக்குத் தள்ளிக் கிடந்த அந்த மத்தியானத்தில், அவருடைய கோழிகள் மட்டும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ஓய்வூதியம் எடுத்தவர்கள் போல் இருந்தன. கூட்டில் மணமில்லை, ஈரமில்லை. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "கோழியை ஏன் உப்பிடிப் பாக்கிறியள், அடிச்சுத் தரட்டோ?" என்று மாமி கேட்டார். வீடு வந்து, கொட்டிலின் தரையை உயர்த்தி, அடியில் கம்பி வலை போட்டுத் திறந்துவிட்டு, கூரைக்கு மேலே பதினொரு அடியில் கறுப்புக் குழாயும், குழாயின் தலையில் மழை புகாதபடி தகர மூடியும் வைத்தேன். மாரியிலும் பகலில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வெயில் எறிக்கும், அது போதும். அந்த மாரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு வெங்காயம் தப்பியது.

தப்பின சேதி பரவ, அடுத்த மாரிக்குப் பக்கத்து வளவில் முத்துக்குமாருவின் கொட்டிலுக்கு மேலேயும் ஒரு குழாய் எழும்பியது. அவருடைய கேற்றுக்கு அடித்து மிஞ்சின பெயின்ரில் அதற்கு இளநீலம் அடித்திருந்தார், அதனால் அது ஒழுங்காக இழுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டார் எல்லாரும் ஆலயத்துக் கலியாணம் ஒன்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கறுப்படித்தார். அவர் நாற்பது வருடமாகச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர், வாய் உள்ளவர். சந்தையில் அதற்கு 'முத்துக்குமாரு கொட்டில்' என்று பெயர் வந்துவிட்டது. என்னுடைய வகுப்புப் பிள்ளை ஒன்று பரீட்சைத் தாளில் அப்படி எழுதி, அதற்கு நானே சரி போட வேண்டி வந்தது. நல்லவேளையாக நான் 2020 ஆவணியிலேயே உம்மைக் கொண்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். அது நிராகரிக்கப்பட்டால் அந்தப் பெயர் என் கல்லறைக்குப் பிறகும் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

2023 மாசியில் பரிசோதகரின் கடிதம் வந்தது. மூன்று பக்கம், மிகவும் பண்பாக எழுதியிருந்தார். அதுவே எனக்குக் கூடுதல் கோபம். சாரம் இவ்வளவுதான்: அடியில் காற்றோட்டம் உள்ள வெங்காயக் கொட்டில் வேறொரு நாட்டில் முன்னரே உண்டு, கறுப்புக் குழாய் வைத்த மீன் பெட்டியும் முன்னரே உண்டு, இரண்டையும் சேர்ப்பது இந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றும், ஆகவே இதில் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை. அந்தச் 'சாதாரண ஒருவர்' சட்டத்தின் கற்பனை மனிதர் என்றும், அவர் வெளிவந்த எல்லாத் தாள்களையும் வாசித்திருப்பார், ஆனால் அவர் மூளையில் ஒரு பொறியும் தட்டாது என்றும் நீர் விளக்கினீர். அப்படியான ஒருவரின் கீழ் நான் பதினாறு வருடம் வேலை செய்தேன். அவர் கற்பனை அல்ல. நான் அன்றிரவே பதில் எழுதத் தொடங்கி மூன்று நாளில் முடித்து உமக்கு அனுப்பினேன். நீர் எடுத்தீர் பாரும் ரெலிபோன், அதற்குத்தான் என்னுடைய முதலாவது நன்றி.

"மாமா, உங்கடை பதிலை வாசிச்சன். பதினொரு பக்கத்திலை வெங்காயம் எட்டாம் பக்கத்திலைதான் வருது."

"முன்னுக்குள்ளது பின்னணி."

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலாம் ஆண்டுப் பள்ளிக்கூடப் பொருட்காட்சி என்னத்துக்கு மாமா?"

"அதிலைதானே எல்லாம் துவங்கினது."

"மாமா, கோபத்தை அனுப்பேலாது. ஆதாரத்தை அனுப்புவம். விடையைக் கண்ட பிறகு எந்தக் கணக்கும் லேசு. அவர் உங்கடை விடையைக் கையிலை வைச்சுக்கொண்டெல்லோ லேசு எண்டுறார். நீங்கள் செய்ய முதல் இஞ்சை தொழில் தெரிஞ்ச ஆக்கள் என்ன நினைச்சவை? அதைக் காட்டவேணும். சிரிச்சவையோ? ஏலாது எண்டவையோ? மாறிச் செய்யச் சொன்னவையோ?"

"பிள்ளை, என்னைப் பாத்துச் சிரிச்ச ஆக்கள் எண்டால், எத்தினை பேர் வேணும் எண்டு மட்டும் சொல்லும்."

அந்த உற்சாகத்தோடு முத்துக்குமாருவிடம் போனேன். 2019இல் குழாய் ஏறினபோது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து முதல் சிரித்தவர் அவர். அன்றைக்குச் சிரித்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும் என்று மரியாதையாகக் கேட்டேன்.

"நானோ? சிரிச்சனானோ? மாஸ்ரர், உந்தக் குழாய் விசயம் எனக்கு அப்பவே தெரியும்."

"எப்ப?"

"அதுதான் சொல்லுறனே, அப்பவே."

"தெரிஞ்சால் ஏன் செய்யேல்லை?"

"செய்ய நினைச்சனான். நேரம் கிடைக்கேல்லை."

குசினிக்குள் இருந்து அவருடைய மனிசி, "ஓம், அவர் அப்பவே சொன்னவர்" என்றார்.

சந்தைக்குப் போனேன். வெங்காயக்காரர் ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேருக்கும் அப்பவே தெரியும். ஏழாமவர் வெங்காயம் விற்பவரே அல்ல, வாழைக்குலை விற்கிறவர். நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தனக்கும் தெரியும் என்றார். மருமகள், நீர் கொழும்பில் வளர்ந்த பிள்ளை, உமக்கு இது புதிதாக இருக்கும். எங்கள் குடாநாட்டில் வழி கேட்டால் தெரியாது என்று ஒரு மனிதரும் சொல்லமாட்டார். பிழையான வழியை முழுமையாகச் சொல்லி, சந்திவரை கூட வந்து திருப்பியும் விடுவார். 'தெரியாது' என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு காணியை எழுதித் தரச் சொன்னால்கூட யோசிப்பார்கள். இந்த வழக்கத்தை நான் முன்னர் பெரிதாக எடுத்ததில்லை, எனக்கும் அந்தப் பழக்கம் இருப்பதாக மாமி சொல்லுவார். ஆனால் இந்த முறை அது என் கழுத்தைப் பிடித்தது. சந்தையில் ஒவ்வொருவரும் தன் மானத்தைக் காக்கக் காக்க, என்னுடைய கண்டுபிடிப்பு ஆருக்கும் தோன்றக்கூடியதாகிக்கொண்டே போனது. இரண்டு கிழமை அலைந்து நான் சேர்த்த வாக்குமூலங்கள் எல்லாம் பரிசோதகருக்குச் சார்பானவை.

சோர்ந்துபோய் உமக்கு எடுத்தபோது நீர் கேட்டீர்: "அந்தந்த நாளிலை, அந்தந்த நேரத்திலை எழுதின எழுத்து ஏதும் இருக்கோ மாமா? பேந்து கேட்டு எழுதினதைவிட அதுக்குப் பெறுமதி கூட." நான் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு, மாமியைத் தவிர ஒருவருக்கும் தெரியாத ஒரு விசயத்தை உமக்குச் சொன்னேன். 1986 தொடக்கம் நிரப்பிய பதினாலு சீ.ஆர். கொப்பிகள், தடித்த மட்டைக் குறிப்பேடுகள், என்னிடம் இருக்கின்றன. ஆர் என்னை என்ன சொன்னார், எந்த நாள், எந்த இடம், பக்கத்தில் நின்றவர்கள் ஆர் என்று அவற்றில் எழுதிவருகிறேன். இந்தப் பழக்கம் ஆத்துமாவுக்குக் கேடு, எரித்துவிடும் என்று ஒரு போதகர் சொன்னார். அவர் சொன்னது எட்டாம் கொப்பியில் இருக்கிறது.

நீர் அடுத்த வெள்ளிக்கிழமையே ரயிலேறி வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் இருந்து பதினாலு கொப்பியையும் வாசித்தீர். என்னுடைய வாழ்க்கையை அவ்வளவு கவனமாக வேறொருவரும் வாசித்ததில்லை. பன்னிரண்டாம் கொப்பியில் நீர் உரத்து வாசித்த பகுதியை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது: "12.11.2019, செவ்வாய், பின்னேரம் 5.10. மதிலுக்கு மேலால் முத்துக்குமாரு: 'மாஸ்ரர் வெங்காயத்துக்குச் சேர்ச் கட்டுறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எத்தினை மணிக்கு? உந்தக் குழாயாலை ஈரக்காத்து உள்ளை போய், தை பிறக்க முதல் உங்கடை வெங்காயம் எல்லாம் குப்பைக்கு. இல்லாட்டி நான் மீசையை எடுக்கிறன். நாப்பது வருசமாய் வெங்காயத்தோடை கிடக்கிறன், எனக்குத் தெரியாத காத்தோ?' நாலு பேர் சிரித்தனர். பெயர்கள் மறுபக்கத்தில்." நீர் சிரித்துச் சிரித்து உமக்குப் புரைக்கேற, மாமி தலையில் தட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, இது தங்கம்" என்றீர். முப்பத்தேழு வருடமாக நஞ்சு என்று நினைத்துப் பூட்டி வைத்ததை ஒரு பிள்ளை தங்கம் என்று சொன்னால் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று நீரே யோசித்துப் பாரும்.

பத்தாம் கொப்பியில் கிறிஸ்ரோபர் அகப்பட்டான். அவன் என் வகுப்புத் தோழன், பின்னர் விவசாய ஆலோசகராகக் காரில் திரிந்தவன். நான் மின்கலம் பொருத்திக் கொடுத்த மாதிரி எரிமலைக்கு 1984 பொருட்காட்சியில் முதற்பரிசு வாங்கினவன். ஒரு சங்கத்தின் 2014ஆம் ஆண்டு மலரில் அவன் எழுதிய கட்டுரையை, அதில் மூன்று எழுத்துப்பிழை இருந்த காரணத்துக்காக, நான் வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். "மாரிக்கு முன்னர் கொட்டிலின் சகல துவாரங்களையும் அடைக்கவும். அடியிலிருந்து வரும் காற்றே வெங்காயத்தின் முதல் எதிரி." நீர் அதை இரண்டு தரம் வாசித்தீர். இந்தப் பகுதியில் தொழில் படித்த நிபுணரே நேர்மாறாகச் செய்யச் சொல்லியிருக்கும்போது, சாதாரண ஆளுக்கு எப்படி இது வெளிப்படையாகத் தோன்றும் என்று கேட்டீர். நாற்பது வருடத்தில் கிறிஸ்ரோபர் எனக்குச் செய்த முதல் உதவி அது.

ஆறாம் கொப்பியைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் அங்கேதான் உமக்குச் சொல்ல வேண்டிய பெரிய நன்றி இருக்கிறது. அதற்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தை நீர் எடுத்தபோது நான் கையை நீட்டினேன், நீர் அதற்குள் பிரித்துவிட்டீர். 1999இல் எங்கள் கலியாணத்துக்கு முன் உம்முடைய அம்மா, என் மியூரியல் அக்கா, எனக்கு எழுதியது. "தம்பி, நாங்கள் மண்ணை நம்பின ஆட்கள், அவர்கள் கடலை நம்பின ஆட்கள். வேதமும் வேறு. அவர்களுடைய தொழிலும் எங்களுடைய தொழிலும் ஒரு கூரைக்குக் கீழே வந்ததாக இந்தக் குடாநாட்டில் நான் கேள்விப்பட்டதில்லை. புத்தியுள்ள ஒருவருக்கும் இப்படி ஒரு யோசனை வராது. உனக்குத்தான் முதல் வந்திருக்கிறது. நான் வரமாட்டேன்." மாமி குசினிக்குள் போய்விட்டார். நீர் தாளைத் திருப்பித் திகதியைப் பார்த்தீர்.

"அம்மாவுக்கு அப்ப காய்ச்சல் எண்டுதான் எனக்குச் சொன்னவ."

"சின்னப் பிள்ளைக்கு வேறை என்னத்தைச் சொல்லுறது."

"மாமா, நான் ஒண்டு கேட்டால் கோவிக்கக் கூடாது. இதை நான் கொண்டு போகட்டோ?"

"உம்மடை அம்மாவின்ரை கடிதமெல்லோ பிள்ளை."

"அதாலைதான் கேக்கிறன். வெங்காயத் தொழிலையும் மீன் தொழிலையும் இஞ்சை ஒருத்தரும் சேத்துப் பாக்கமாட்டினம் எண்டதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கை கிடைக்கும்? வெங்காயக்காரர் ஆராவது ஒருக்கால் அந்தக் கரையிலை ஒரு வீட்டு முத்தத்துக்குப் போயிருந்தால் உந்தப் பெட்டியைக் கண்டிருப்பினம். எட்டு வருசமாய் ஒருத்தரும் போகேல்லை. போனது நீங்கள். ஏன் போனீங்கள்? மாமியைக் கட்டினதாலை."

அதைத்தான் நீர் 'இணைப்பு ஏழு' என்று இலக்கமிட்டீர். அது அக்காவின் எழுத்துத்தான் என்று அவரே உறுதி சொல்ல வேண்டும் என்றீர். அதேபோல் முத்துக்குமாருவும் தன் வாயிலிருந்து வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டும் கடலைத் தூர்க்கிற காரியமாகத் தெரிந்தது. முத்துக்குமாருவிடம் மாமி போனார், நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அண்ணை, உங்களுக்கு அப்பவே தெரியுமாமே?"

"ஓம் தங்கச்சி, அப்பவே."

"அப்ப ரண்டாயிரத்துப் பதினெட்டு மாரியிலை உங்கடை கொட்டிலிலை அழுகின வெங்காயம் எல்லாம் தெரிஞ்சுகொண்டு அழுக விட்டதோ, தெரியாமல் அழுக விட்டதோ?"

மாமி கையிலிருந்த தாளை விரிக்கிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுகொண்டு விட்டனீங்கள் எண்டால் நான் சந்தையிலை அப்பிடியே சொல்லிவிடுறன் அண்ணை. தெரியாது எண்டால் இதிலை ஒரு கையெழுத்து. கொழும்புக்குத்தான் போகுது, சந்தைக்கு வராது."

முத்துக்குமாரு கையெழுத்துப் போட்டார். மீசையைப் பற்றித் தாளில் வராமல் இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். மாமி அந்த வரியை வெட்டிக் கொடுத்தார். நான் என்றால் வெட்டியிருக்கமாட்டேன்.

அக்காவை நீர் ஓட்டோவில் தெல்லிப்பழையிலிருந்து கூட்டிவந்த அந்தச் சனிக்கிழமை, இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு அவர் எங்கள் படலையைத் திறந்தார். கையெழுத்தை உறுதிப்படுத்த வந்த சமாதான நீதவான் முன்விறாந்தைக் கதிரையில் இருந்தார். மாமி தேத்தண்ணியும் மீன் பற்றிஸும் கொண்டுவந்து வைத்தார். நீதவான் கடிதத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் போட்டு வாசித்தார்.

"அம்மா, இது உங்கடை எழுத்துத்தானோ?"

"ஓம், என்ரை எழுத்துத்தான்."

"நீங்கள் இப்பவும் இப்பிடித்தான் நினைக்கிறியளோ?"

"அது படிவத்திலை கேட்டிருக்கோ?"

"இல்லை அம்மா."

"அப்ப கேட்டதை மட்டும் எழுதும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா ஒரு பற்றிஸ் எடுத்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். பிறகு, என்னையும் பார்க்காமல் மாமியையும் பார்க்காமல் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து, "உதுக்குள்ளை என்ன மீன்?" என்று கேட்டார். "பாரை, மச்சாள்" என்றார் மாமி. "ம்" என்றார் அக்கா. போகும்போது மிச்சம் நாலையும் ஒரு தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை, அதைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது மாதத்தில் ஒருமுறை வருகிறார், வரும்போது பற்றிஸுக்கென்று வெறும் ரின் ஒன்றும் கொண்டுவருகிறார்.

மற்றது உமக்குத் தெரியும். பரிசோதகர் தன் ஆட்சேபத்தை மீளப் பெற்றார். கிறிஸ்ரோபரின் கட்டுரையும் முத்துக்குமாருவின் வாக்குமூலமும் பின்னர் முத்துக்குமாரு என்னைப் பார்த்துக் குழாய் வைத்ததும் போதுமான சான்று என்று எழுதியிருக்கிறார். இணைப்பு ஏழு வாசிக்கப்பட்டது என்று மட்டும் எழுதி, அதைப் பற்றி வேறு கருத்துச் சொல்லவில்லை. அவர் பண்பானவர் என்று நான் முன்னரே சொன்னேன்.

மருமகள், நான் மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன். என்னை மதித்து நல்ல வார்த்தை சொன்ன ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். இந்த வழக்கில் அவர்களால் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. முத்துக்குமாரு அன்றைக்கு மதிலால் எட்டிப் பார்த்து, "நல்ல யோசனை மாஸ்ரர், எனக்கும் இதுதான் தோன்றினது" என்று சொல்லியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவர் வாயை அகலத் திறந்து சிரித்தாரே, அதற்கு நன்றி. கிறிஸ்ரோபருக்கு நன்றி, அவனுடைய மூன்று எழுத்துப்பிழைக்கும் தனித்தனியாக நன்றி. அக்கா கலியாணத்துக்கு வராமல் விட்டதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, ஆனால் வராததை எழுத்தில் தந்ததற்கு நன்றி. பரிசோதகருக்கு, முதலில் மறுத்ததற்கும் பிறகு ஏற்றதற்கும். மாமிக்கு என்ன சொல்வது, அவரில்லாவிட்டால் எனக்கு அந்த முற்றமே இல்லை. எல்லாருக்கும் மேலாக உமக்கு. சந்தையில் இனி அதை ஆர் என்ன பெயரில் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. இப்போது எனக்கு ஒருவரோடும் கோபமில்லை. இந்த நிலை எனக்குப் புதிது, கொஞ்சம் பசிக்கிற மாதிரியும் இருக்கிறது.

கர்த்தர் உம்முடைய போக்கையும் வரத்தையும் காத்து, உமக்கு ஏற்ற ஒரு துணையையும், அது எந்தக் கரையிலிருந்து வந்தாலும், காலத்தோடு தருவாராக. நீர் கலியாணம் வைத்தால் நான் வருவேன் என்பதை இத்தால் எழுத்தில் தருகிறேன்.

என்றும் நன்றி மறவாத,
லெனாட் மாமா

பி.கு. 20.10.2024, ஞாயிறு. இந்த உறையை ஒட்டமுதல் மாமனாருக்குச் சேதி சொல்லிவிட்டு வருவோம் என்று நேற்று நெல்லியடியில் பஸ் மாறிக் கரைக்குப் போனோம். அவருக்கு எண்பத்தொன்று. சான்றிதழின் பிரதியைக் கையில் கொடுத்து, "மாமா, உங்கடை கோழிக்கூட்டைப் பாத்துத்தான் இது எனக்கு வந்தது" என்றேன். அவர் தாளைத் தடவிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

"நல்லது தம்பி. ஓம், உதுக்குள்ளை வெங்காயம் அழுகாதுதான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் வைச்சனானெல்லே. கோழி வாங்க முதல், ரண்டு மாரி. பிள்ளை சுன்னாகத்தாலை கொண்டந்து தாற உங்கடை வெங்காயம்தான். பக்கத்து வீட்டு நல்லம்மா ஆக்களும் வைச்சவை. ஒண்டும் பழுதாகேல்லை."

"அப்ப ஏன் மாமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் வெங்காய ஆக்கள். நான் உங்களுக்கு வெங்காயத்தைப் பற்றிச் சொல்லுறதோ? நீங்களும் ஒருநாளும் கேக்கேல்லைத் தம்பி."

நிஷானி, இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கேட்கவில்லை. மேலே நன்றி என்று வருகிற இடங்களில் அவருடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இரண்டாம் முறை எழுத எனக்குத் தெம்பில்லை, நீரே பேனையால் வெட்ட வேண்டியவர்களை வெட்டி அவரைப் போட்டுக்கொள்ளும். எனக்கு முன்னரே அவர் வெங்காயம் வைத்துப் பார்த்துவிட்டார் என்பதால், அந்தச் சான்றிதழை என்ன செய்வது என்று சட்டம் சொல்கிறதோ அதைச் செய்வோம், அறிவிக்க வேண்டுமென்றால் அறிவிப்போம். புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டு வந்தேன். மழைக்குக் குழாயின் தலையில் மூடி ஏதும் வைத்தீர்களா என்று. இல்லையாம், மழை வந்தால் எழும்பிப் போய் ஒரு சட்டியைக் கவிழ்த்துவிட்டு வருவாராம். ஆகவே மூடி என்னுடையது. மூடிக்கு மட்டுமாவது உரிமை நிற்குமா, அல்லது சட்டி கவிழ்க்கத் தெரிந்த ஒருவருக்கு மூடி வெளிப்படையாகத் தோன்றும் என்று சொல்லிவிடுவார்களா என்று, தயவுசெய்து, உடனே எழுதும்.